பியூட்டி வேர்ல்ட் பக்கம் நாங்க போன அன்சீன் பொயட்ரி டியூஷன்: காசுக்கு எது கிடைக்குது, எது கிடைக்கல

ஏ லெவல் பரீட்சைக்கு எச் 2 அளவுல இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுத்திருக்கிற பிள்ளைங்களோட அம்மா அப்பா யாராச்சும் அன்சீன் பொயட்ரிக்குன்னு, அதாவது முன்னாடி பார்த்திருக்காத கவிதையைப் பத்தி எழுதுறதுக்குன்னு, தனியா டியூஷன் தேடிக்கிட்டு இருந்தா இது உங்களுக்குத்தான், கொஞ்சம் நீளமா போகும், கோப்பியோ தேயோ கலக்கிட்டு வந்து உக்காருங்க. சென்டர் பேரைப் போடல. நல்லதும் சொல்லப் போறேன், திட்டவும் போறேன், சின்ன இடம் வேற, ரெண்டு மூணு டீச்சர்தான், பேர் போட்டா யாரைச் சொல்றேன்னு உடனே தெரிஞ்சிடும். சிங்கப்பூர் பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டி ஸ்டேஷன்ல இறங்கினா நடக்குற தூரம், அந்த ஏரியாவுல எத்தனை டியூஷன் சென்டர் இருக்குன்னு உங்களுக்கே தெரியும், அதுல ஒண்ணுன்னு வச்சுக்கோங்க.

பேப்பரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு முதல்ல ரெண்டு வரி. ஏ லெவல் லிட் பேப்பர் 1 மூணு மணி நேரம், மூணு பகுதி, ஒவ்வொண்ணுக்கும் 25 மார்க். ரெண்டு பகுதி பிள்ளைங்க ஜேசியில, அதாவது ஜூனியர் காலேஜ்ல, படிச்ச புத்தகத்துல இருந்து வரும், அதுக்கு எப்படியோ தயார் பண்ணிடலாம். மிச்சம் இருக்கிற அந்த முதல் பகுதிதான் தலைவலி. முன்னப் பின்ன பார்த்தே இருக்காத ரெண்டு கவிதையை ஜோடியா குடுத்து ஒப்பிட்டு எழுதச் சொல்வாங்க, அப்படி ரெண்டு ஜோடி இருக்கும், ஏதாவது ஒண்ணை எடுக்கணும். செகண்டரி ஸ்கூல் முடிவுல எழுதுற ஓ லெவல்ல அன்சீன்னா ஒரே ஒரு கவிதை, இல்லன்னா ஒரு உரைநடைப் பகுதி, அதோட கேள்வியே எந்தப் பக்கம் போகணும்னு கொஞ்சம் கைகாட்டும். ஏ லெவல்ல அந்த உதவி எதுவும் இல்ல, எழுதினவரோட மொழி, நடை, வடிவம் இதெல்லாம் உன் வாசிப்பை எப்படி உருவாக்குதுன்னு பார்த்து ரெண்டையும் ஒப்பிடு, அவ்வளவுதான் கேள்வி, மிச்சத்தை நீயே பார்த்துக்கோ. மூணு மணி நேரத்தை மூணாப் பிரிச்சா இதுக்கு ஒரு மணி நேரம், அதுலயே படிக்கணும், புரிஞ்சுக்கணும், திட்டம் போடணும், எழுதணும்.

எங்க வீட்டுப் பிள்ளைக்கு என்ன பிரச்சனைன்னா, கவிதை பிடிக்கும், ஆனா பரீட்சைத் தாள்ல எழுதுறது பட்டியல். இந்த வரியில அலிட்டரேஷன் (அடுத்தடுத்த சொல் ஒரே ஓசையில ஆரம்பிக்கிறது) இருக்கு, அதனால வாசகரோட கவனம் ஈர்க்கப்படுது. இங்க என்ஜாம்ப்மென்ட் (வாக்கியம் முடியாம அடுத்த வரிக்குத் தாவுறது) இருக்கு, அதனால வேகம் கூடுது. இங்க மெட்டஃபர் (உருவகம்). இங்க சிமிலி (உவமை). சரி, இருக்கு, அதுக்கு என்ன இப்போ? அதே வாக்கியத்தை எந்தக் கவிதைக்கு வேணும்னாலும் ஒட்டலாமே. ஸ்கூல்ல லிட் டீச்சர் நல்லவங்க, குறை சொல்லவே மாட்டேன், ஆனா எத்தனை பேரோட கட்டுரையைத்தான் அவங்க வரி வரியா பார்க்க முடியும்.

சரி, கிளாஸுக்கு வர்றேன். ட்ரையல் கிளாஸ்ல பெத்தவங்களும் பின்னாடி உக்காரலாம்னாங்க, அதனால நானும் உக்காந்து பார்த்தேன். எடுத்தது ஒரு மிஸ், முன்னாடி ஜேசியில சொல்லிக் குடுத்தவங்களாம். வந்ததும் பேனாவை எல்லாம் கீழ வைக்கச் சொல்லிட்டாங்க. கவிதையை சத்தமா ஒரு தடவை அவங்க படிச்சாங்க, இன்னொரு தடவை ஒரு பையன் படிச்சான், அதுவரைக்கும் யாரும் கோடு போடக்கூடாது, கலர் பேனா தொடக்கூடாது. அப்புறம் கேட்டது மூணே மூணு கேள்வி: யார் பேசுறது, யார்கிட்ட பேசுறது, எந்த நேரத்துல நின்னுக்கிட்டு பேசுறது. நடந்துக்கிட்டு இருக்கும்போதா, முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சா, இல்ல இனிமே நடக்கப் போறதை நினைச்சா.

எனக்கு இது கேட்டதும் சிரிப்பு வந்துடுச்சு, நான் ஓ லெவல்ல தமிழ் இலக்கியம் எடுத்தவ, சங்கப் பாட்டு படிச்சவங்களுக்கு இது புதுசா என்ன? தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றான்னு தெரியாம பாட்டுக்குள்ள காலே வைக்க மாட்டோமே, அதே நாலு வரியைத் தோழி சொன்னா சமாதானம், தலைவி சொன்னா குத்தல். என்ன, நமக்கு அதைக் குறிப்பா கீழயே போட்டிருப்பாங்க, இங்க பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும், சில கவிதையில கடைசி வரைக்கும் அது உறுதியா தெரியவும் தெரியாது, அப்படித் தெரியலைங்கிறதையே ஒரு பாயிண்டா எழுதலாம்னு மிஸ் சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது. வீட்டுக்குப் போற வழியில இந்தக் கூற்று விஷயத்தைச் சொன்னேன், "அம்மா, ப்ளீஸ்" அப்படின்னு ஒரு பார்வை. போகட்டும்.

இந்த கிளாஸ்ல உருப்படியா என்ன நடக்குதுன்னு காட்ட ஒரு வொர்க்ஷீட்டை மட்டும் விவரமா சொல்றேன். ரெண்டு கவிதை, எழுதினவங்க பேர் இல்ல, எனக்கென்னவோ மிஸ்ஸே எழுதினதுன்னுதான் தோணுது. முதல் கவிதையில அம்மா தவறின பிறகு மகள் வீட்டைக் காலி பண்றா. சின்னச் சின்ன வரி, பத்தி பிரிக்கவே இல்ல, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே ஓட்டம், தகர டப்பா, ஒத்தைச் செருப்பு, காலாவதியான மாத்திரைன்னு பொருளா அடுக்கிக்கிட்டே போகுது, முக்காவாசி இடத்துல வினைச்சொல்லே கிடையாது. ரெண்டாவது 14 வரி, சானட்னு ஒரு கவிதை வடிவம் இருக்கே, அது மாதிரி, அப்பா தன் கடையைக் கடைசியா பூட்டுறதை மகன் எதிர்ப்பக்கம் நின்னு பார்க்கிறான். இயைபு மாதிரி வரிக்கடைசி ஓசை ஒழுங்கா விழுந்துக்கிட்டே வருது, எட்டு வரி முடிஞ்சு ஒன்பதாவது வரியில சாவியைக் கையில எடுக்கிறார், அங்க கவிதை திரும்புது. அந்தத் திருப்பத்துக்குப் பேர் வோல்ட்டா, இது எல்லா நோட்ஸ்லயும் இருக்கும்.

எங்க பிள்ளை முதல்ல எழுதினது என்ன தெரியுமா, ரெண்டுமே இழப்பைப் பத்தினது, ரெண்டுலயும் பொருள் வருது, ரெண்டும் சோகம். கிளாஸ்ல பாதிப் பேரு இதையேதான் எழுதியிருந்தாங்க. மிஸ் கேட்டாங்க, சோகம் யாரோடது? அப்பத்தான் எல்லாரும் திரும்ப முதல்ல இருந்து படிச்சாங்க. முதல் கவிதையில சோகம் பேசுறவளோடதே. அம்மாவை 'யூ'ன்னு கூப்பிட்டுப் பேசுறா, செத்துப் போனவங்க பதில் சொல்லிடுவாங்கன்னு நினைச்ச மாதிரி, அதுல கொஞ்சம் திட்டு கூட இருக்கு, இதை எதுக்கு வச்சிருந்தீங்கன்னு. ரெண்டாவதுல சோகம் அப்பாவோடது, மகன் 'ஹீ'ன்னுதான் சொல்றான், கிட்டவே போகல, ரோட்டுக்கு இந்தப் பக்கமே நிக்கிறான். ஒருத்தி நேருக்கு நேர் பேசுறா, இன்னொருத்தன் தள்ளி நின்னு பார்க்கிறான், இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிச்சதும் மிச்ச எல்லாம் தானா வந்து உக்காருது. பத்தி பிரிக்காத அந்த ஓட்டம் ஏன்? நிறுத்தினா அழுகை வந்துடும், அதனால அவ நிறுத்தல. சானட்டோட அந்த ஒழுங்கு ஏன்? மகன் தன்னைக் கட்டுப்படுத்திக்கிட்டு நிக்கிறான், அதான் கடைசி ரெண்டு வரியில ஓசை பிசகுது, அங்க காலமும் மாறுது, அதுவரைக்கும் இறந்த காலத்துல போனது திடீர்னு நாளைக்குக் காலையில அப்பா அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சு என்ன பண்ணுவார்னு எதிர்காலத்துக்குப் போயிடுது.

அப்புறம் அந்த என்ஜாம்ப்மென்ட் விஷயம், வாக்கியம் முடியாமலே வரி உடைஞ்சு அடுத்த வரிக்குத் தாவுறது. முதல் கவிதையில ஒரு வரி 'நீங்க சேர்த்து வச்சது'ன்னு பொருள் வர்ற இடத்துல நிக்குது, படிக்கிற நமக்கு இன்னொரு புகார்னு தோணும், கண்ணு அடுத்த வரிக்கு இறங்கினா 'எனக்காக'. அந்த ஒரு நொடியில புகார் நன்றியா மாறிடுது. இப்ப 'வேகம் கூடுது'ன்னு எழுதுறதுக்கும் இப்படி எழுதுறதுக்கும் எவ்வளவு தூரம்னு நீங்களே பாருங்க, ரெண்டுலயும் அதே டெக்னிக் பேர்தான் வருது.

கடைசியில எல்லாரும் சேர்ந்து போர்டுல எழுதின தீசிஸ், அதாவது கட்டுரையோட மையக் கருத்து, ஏறக்குறைய இது: ரெண்டு பேருமே துக்கத்தைப் பொருளுக்குப் பின்னால ஒளிக்கிறாங்க, மகள் பேசிப் பேசி ஒளிக்கிறா, மகன் அடுக்கி வச்சு ஒளிக்கிறான். ஒத்துமையும் வேற்றுமையும் ஒரே வாக்கியத்துல. மிஸ் திரும்பத் திரும்ப சொல்றதும் இதான், ஒத்துமையைத் தனியா ஒரு பத்தி வேற்றுமையைத் தனியா ஒரு பத்தின்னு பிரிச்சா கட்டுரை ரெண்டு துண்டா போயிடும், ஒத்துமைக்கு உள்ளேயே எங்க பிரியுதுன்னு பாரு. முதல் கவிதையை முழுசா எழுதி முடிச்சிட்டு அப்புறம் ரெண்டாவதை எழுதி கடைசிப் பத்தியில மட்டும் 'இரண்டிலும்'னு ஆரம்பிக்கிற கட்டுரையை அவங்க திருத்தவே மாட்டாங்க, திருப்பிக் குடுத்துடுவாங்க. சிலருக்கு இது கடுமையா தோணலாம், எனக்கு சரின்னுதான் பட்டது, ஒப்பிடுன்னு கேட்ட கேள்விக்கு ரெண்டு தனிக் கட்டுரையை ஒட்டிக் குடுத்தா எப்படி? அதுக்காக ஒவ்வொரு பத்தியிலயும் ரெண்டு கவிதைக்கும் அளந்து பாதி பாதி குடுக்கணும்னும் சொல்ல மாட்டாங்க, ஒரு பத்தியில ஒண்ணு பெருசா வரலாம், இன்னொண்ணு ரெண்டு வரியில வந்துட்டுப் போகலாம், தொடர்பு இருந்தா போதும்.

நேரக் கணக்கு பத்தி சீக்கிரமா சொல்லிடுறேன். ஒரு மணி நேரத்துல முதல் கால் மணி நேரம் எழுதவே கூடாது, படிக்கிறதும் திட்டமும் மட்டும். எந்த ஜோடியை எடுக்கிறதுன்னு முடிவு பண்றதும் அதுக்குள்ளயே. எது ஈசியா புரியுதோ அதை எடுக்காத, எதைப் பத்தி சொல்ல விஷயம் இருக்கோ அதை எடுங்கிறது மிஸ்ஸோட அறிவுரை, ரொம்ப ஈசியா புரியிற கவிதையில எழுத ஒண்ணும் மிஞ்சாதாம்.

இதெல்லாம் நல்ல நோட்ஸ் புத்தகத்துலயும் கிடைக்கும்னு நீங்க நினைக்கலாம், கிடைக்கும்தான். நான் குடுத்த காசுக்கு மதிப்பு எங்க இருந்துச்சுன்னா திருத்துறதுல. ஒவ்வொரு கட்டுரையும் அடுத்த வாரத்துக்குள்ள கைக்கு வந்துடும், ஓரத்துல பென்சில்ல சின்னச் சின்னக் கேள்வி. 'எந்தச் சொல்லை வச்சு சொல்ற?' 'அதனால?' 'இது எந்தக் கவிதைக்கும் பொருந்துமே?' மார்க் கடைசிப் பக்கத்துல சின்னதா இருக்கும், முன்பக்கத்துல போட மாட்டாங்க. அதோட விட மாட்டாங்க, ரொம்ப பலவீனமான ஒரு பத்தியை மட்டும் வட்டம் போட்டு அதைத் திரும்ப எழுதிட்டு வான்னு அனுப்புவாங்க, முழுக் கட்டுரை இல்ல, ஒரே ஒரு பத்தி. எங்க பிள்ளை கட்டுரையில பட்டியல் குறைஞ்சது இதுக்கு அப்புறம்தான். முன்னாடி ஒரு பத்தியில நாலு டெக்னிக் பேர் வரும், இப்ப ஒண்ணு வருது, ஆனா அந்த ஒண்ணைப் பத்தி பேச விஷயம் இருக்கு.

இனி திட்டு.

நோட்ஸ் ஃபைல் ஒண்ணு குடுக்கிறாங்க, தலையணை சைஸ். அதுல பாதி இங்கிலீஷ் எழுத்துச் சுருக்கம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு டெக்னிக், அதோட முன்னுரைக்கு ரெடிமேட் வாக்கியம், கவிஞர் இதைத் திறம்படச் சித்தரிக்கிறார் மாதிரி. கிளாஸ்ல மிஸ் எதெல்லாம் எழுதாதன்னு சொல்றாங்களோ அதெல்லாம் அவங்க சென்டரோட ஃபைல்லயே அச்சடிச்சு வச்சிருக்கு! ஒரு தடவை பிள்ளைங்களோட முன்னுரையை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன், தீபாவளிக்கு ஒரே பீஸ் துணியில வீட்டுல எல்லாருக்கும் தைச்ச சட்டை மாதிரி இருந்துச்சு. ஃபைலுக்குத் தனியா மெட்டீரியல் ஃபீஸ் வேற வாங்கிட்டாங்க. அதுல உபயோகம்னா பின்பக்கத்துல இருக்கிற கலைச்சொல் பட்டியல் மட்டும்தான், சீசூரான்னா வரிக்கு நடுவுல விழுற நிறுத்தம், பென்டாமீட்டர்னா ஒரு வரிக்கு அஞ்சு சீர், இந்த மாதிரி, அதுக்கு ஒரு ஃபைல் தேவையில்ல.

அடுத்தது, மிஸ் லீவு போட்டா வேற ஒருத்தர் வருவார். அவர் வந்த கிளாஸ் முழுக்க அந்த ஃபைல்தான், ஒரு கவிதையைக் கூட முழுசா படிக்கல, கட்டத்தை நிரப்புன்னு ஒரு டேபிள் குடுத்துட்டு உக்காந்துட்டாராம். ஃபீஸ் என்னவோ அதே ஃபீஸ்தான். கவுண்டர்ல கேட்டா எங்க டீச்சர்ஸ் எல்லாருமே ஒரே முறையிலதான் நடத்துவாங்க மேடம்னு பதில். பொய்ன்னு சொல்ல மாட்டேன், அவங்களுக்கு வித்தியாசம் தெரியலைன்னு வேணா சொல்லலாம்.

மூணாவது கவிதைத் தேர்வு. எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி, இந்தக் காலத்துக் கவிதை, குடும்பம், ஞாபகம், வயசாகுறது. பழைய கவிதை, ரெண்டு மூணு நூற்றாண்டுக்கு முன்னாடி எழுதினது, நீள நீள வாக்கியம், வார்த்தை வரிசை தலைகீழா இருக்கிறது, அதையெல்லாம் தொட்டது ரொம்பக் கம்மி. பிள்ளைங்க பயப்படுறதே அந்த மாதிரி கவிதைக்குத்தான், பரீட்சையில புதுசு மட்டும்தான் வரும்னு யாரும் எழுதிக் குடுக்கல. இந்த ஊர்க் கவிதைகளும் அதிகமா இல்ல, அது எனக்கு ஆச்சரியம்தான், புளோக், லிஃப்ட், ஈரச்சந்தைன்னு வர்ற கவிதையைப் படிச்சா பிள்ளைங்களுக்கு பாதி பயம் போயிடும். அதுக்கு நாங்க வேற வழி பண்ணிக்கிட்டோம், பொயட்ரி டாட் எஸ்ஜின்னு ஒரு இணையத்தளம் இருக்கு, சிங்கப்பூர்க் கவிஞர்களோட கவிதை, அவங்களைப் பத்தின குறிப்பு, விமர்சனக் கட்டுரை எல்லாம் இலவசமா கிடைக்கும், அதுல ரெண்டு கவிதையைக் கண்ணை மூடிக்கிட்டு எடுத்து ஒப்பிடச் சொல்வேன். விமர்சனக் கட்டுரையை முதல்ல படிக்கக் கூடாதுன்னு மட்டும் கண்டிஷன். பழைய கவிதைக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துல தொகுப்பு நூல் ஒண்ணு எடுத்துட்டு வந்து தினம் ஒண்ணு சத்தமா படிக்கச் சொன்னேன். புரியுதோ இல்லையோ, வாய்விட்டுப் படிச்சா வாக்கியம் எங்க முடியுதுன்னு தெரிஞ்சிடுது, பழைய கவிதையில பாதிச் சிக்கல் அங்கதான்.

இடத்தைப் பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. ஏர்கான் எலும்பு வரைக்கும் போகும், ஜாக்கெட் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. கிளாஸ் ரெண்டு மணி நேரம், காத்திருக்கிற நேரத்துல பியூட்டி வேர்ல்ட் சென்டர் மேல் மாடி உணவங்காடிக்குப் போயிடலாம். ஒரு கிளாஸுக்கு நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் கீழ, அதுக்கு மேல 9 விழுக்காடு ஜிஎஸ்டி, டெர்ம் காசை மொத்தமா முன்னாடியே கட்டணும், நடுவுல நின்னா திரும்பத் தர மாட்டாங்க. உடம்பு சரியில்லாம ஒரு கிளாஸ் விட்டா ரெக்கார்டிங் லிங்க் அனுப்புவாங்க, அதைப் பார்த்து என்ன பண்றது, அந்த வாரக் கட்டுரையைத் திருத்தித் தர மாட்டேங்கிறாங்களே. இதுல நான் கொஞ்சம் சண்டையே போட்டேன், கடைசியில திருத்திக் குடுத்தாங்க, ஆனா கேட்டாத்தான் கிடைக்குது.

ப்ரிலிம்ல, அதாவது ஏ லெவலுக்கு முன்னாடி ஸ்கூல்ல வைக்கிற தேர்வுல, அன்சீன் பகுதியில மார்க் ஏறினது உண்மை, படிச்ச புத்தகப் பகுதியில அப்படியேதான் இருந்துச்சு, அதனால கிளாஸால ஏதோ பிரயோஜனம் இருந்திருக்குன்னுதான் எடுத்துக்கிறேன். ஆனா எல்லாருக்கும் போங்கன்னு சொல்ல மாட்டேன். உங்க பிள்ளை கவிதையே படிக்காத பிள்ளைன்னா இந்த கிளாஸுக்கு முன்னாடி வீட்டுல கொஞ்ச நாள் படிக்கட்டும், அந்த மூணு கேள்வியை நீங்களே கேக்கலாம், உங்களுக்கு இங்கிலீஷ் லிட் தெரியணும்னு அவசியமே இல்ல. ஸ்கூல் டீச்சர் கட்டுரையை வரி வரியா திருத்தித் தர்றாங்கன்னாலும் இது தேவையில்ல, ஸ்கூல்ல கன்சல்டேஷன் நேரம் இருந்தா அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்க, நிறைய பிள்ளைங்க வெக்கப்பட்டுக்கிட்டு போறதே இல்ல. படிச்சா புரியுது, பேசச் சொன்னா நல்லா பேசுது, தாள்ல மட்டும் பட்டியலா வருதுங்கிற பிள்ளைங்களுக்குத்தான் இது சரியா வரும்.

அஞ்சுக்கு எவ்வளவுன்னு கேட்டா மிஸ்ஸுக்கு நாலரை, அந்த ஃபைலுக்கு ஒண்ணு, கவுண்டருக்கு ரெண்டு. சேரணும்னு முடிவு பண்ணிட்டா காசு கட்டுறதுக்கு முன்னாடி கிளாஸ் யார் எடுப்பாங்க, கட்டுரையை யார் திருத்துவாங்கன்னு ரெண்டையும் தனித்தனியா கேட்டு வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்குங்க, வாயால சொன்னா அப்புறம் அப்படிச் சொல்லவே இல்லம்பாங்க. ட்ரையலுக்குக் குடுக்கிற காசை சேர்ந்த பிறகு ஃபீஸ்ல கழிச்சிக்குவாங்க, அதையும் நீங்கதான் ஞாபகப்படுத்தணும். ஜூன் லீவு பேட்ச் வேணும்னா மே மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க, நான் விசாரிச்சப்பவே மிஸ் எடுக்கிற சனிக்கிழமை கிளாஸ் நிறைஞ்சு போய் மத்தவரோட ஞாயித்துக்கிழமை கிளாஸ்லதான் இடம் இருக்குன்னாங்க.